மேடு பள்ளமான தோப்புக்கு வேலி: எந்தக் கருவி கையில் இருந்தால் வேலை சுலபமாகும்?

முந்திரிமேடு:

வணக்கம். பண்ருட்டி பக்கம் காடாம்புலியூர் அருகே எங்களுக்கு ஒரு ஏக்கர் முப்பது சென்ட் முந்திரித் தோப்பு இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பழைய மரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. அதற்குப் பிறகு அப்பா வைத்த ஒட்டுக் கன்றுகள்தான் இன்று காய்க்கின்றன. அப்பா இப்போது இல்லை. நானும் தம்பியும்தான் பார்த்துக்கொள்கிறோம்.

வேலி என்றால் இத்தனை வருடமும் கிளுவைச் செடி நட்ட உயிர்வேலிதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் கிழக்குப் பக்க ஓடை கரையை அறுத்து, கிளுவையில் ஏறக்குறைய நாற்பது அடியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து ஊர் ஆடு மாடு எல்லாம் எங்கள் தோப்பில்தான் மேய்கின்றன.

போன கோடையில் தெற்கு எல்லையை மட்டும் ஒரு குழுவிடம் கொடுத்து, சிமென்ட் கால் நட்டு முள்கம்பி இழுத்தோம். ஒரு மழைக்காலம்தான் தாண்டியது. பள்ளத்தில் இருந்த மூன்று கால்கள் தரையை விட்டு மேலே எழும்பி நிற்கின்றன. சரிவில் நட்ட கால்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்திருக்கின்றன. அடிக்கம்பிக்குக் கீழே ஆடு குனியாமலே நுழைகிறது.

மிச்சம் மூன்று பக்கத்தையும் நாங்களே இரண்டு ஆள் வைத்துச் செய்யலாம் என்று இருக்கிறோம். கடையில் கேட்டால் லேசர் மட்டம் வாங்குங்கள், குழி போடும் மிஷின் வாங்குங்கள் என்கிறார்கள். எல்லாம் வாங்கக் கையில் பணம் இல்லை. இந்த மாதிரி நிலத்தில் வேலி போட்டவர்கள் சொல்லுங்கள், எது உண்மையிலேயே வேலையைக் குறைக்கிறது?


வில்லியனூர் மேஸ்திரி:

அக்கா, நான் கட்டட வேலைக்காரன். ஆனால் புதுச்சேரியைச் சுற்றி நிறைய மனைக்கும் தோட்டத்துக்கும் காம்பவுண்டு போட்டிருக்கிறேன். நான் சொல்லும் முதல் சாமான் தண்ணீர் டியூப். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், அறுபது அடி. லேசர் வேண்டாம். நல்ல வெயிலில் அந்தச் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது.

டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். நடுவில் டியூப் மரத்தைச் சுற்றினாலும் சரி, பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் சரி. மரம் மறைக்கிற தோப்புக்கு இதைவிடப் பொருத்தமான மட்டம் எனக்குத் தெரியாது. தண்ணீரில் இரண்டு சொட்டு சொட்டுநீலம் விடுங்கள், மட்டம் பளிச்சென்று தெரியும். உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பார்க்கும்போது இரண்டு பேரும் முனையிலிருந்து கட்டைவிரலை எடுத்திருக்க வேண்டும். ஒருவர் மூடியிருந்தாலும் கணக்கு தப்பாக வரும்.

செய்முறை இதுதான். இரண்டு சவுக்குக் கழி எடுத்து, அடி, அங்குலம் குறித்துக்கொள்ளுங்கள். வேலி வரும் கோட்டில் அடித்த முளைக்குச்சிகளில், மேட்டு முளையில் ஒரு கழி, அடுத்த முளையில் ஒரு கழி. மேட்டுக் கழியில் தண்ணீரை 4 அடியில் நிறுத்துங்கள். கீழே 5 அடி 2 அங்குலம் காட்டினால் அங்கே தரை 1 அடி 2 அங்குலம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இப்படி ஒவ்வொரு முளைக்கும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். அந்த நோட்டைப் பார்த்தால் எந்த இடத்துக்கு 7 அடிக் கால் போதும், எந்த இடத்துக்கு 8 அடி வேண்டும் என்று கால் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். பலரும் கால் வந்து இறங்கிய பிறகுதான் இதை யோசிக்கிறார்கள்.


கேப்பர்மலைக்காரன்:

சகோதரி, உங்கள் தெற்குப் பக்கத்தில் நடந்தது எனக்கும் நடந்தது. எங்கள் நிலம் கேப்பர் மலைச் சரிவில், செம்மண்ணும் சரளையும் கலந்தது. மழை பெய்தால் வாரி வாரியாக அரித்துக்கொண்டு ஓடும். எட்டு வருடம் முன்பு நான் போட்ட வேலியில் பள்ளத்துக் கால்கள் ஐந்தும் கிளம்பிவிட்டன. மண் சரியில்லை என்றுதான் நினைத்தேன். இன்னும் ஆழமாகத் தோண்டி மறுபடியும் நட்டேன். மறுபடியும் கிளம்பியது.

காரணம் மண் இல்லை, கம்பி. இந்த மேட்டிலிருந்து அந்த மேட்டுக்குக் கம்பியை இழுத்துக் கட்டினால் அது நேர்கோடாக நிற்கத்தான் பார்க்கும். நடுப்பள்ளத்தில் இருக்கும் காலை இரவும் பகலும் மேலே தூக்கிக்கொண்டே இருக்கும். மழையில் மண் இளகியதும் கால் கையோடு வந்துவிடும். மேட்டு உச்சியில் இருக்கும் கால் எதுவும் கிளம்பியிருக்காது, பாருங்கள். அங்கே கம்பி காலைக் கீழே அழுத்துகிறது.

பள்ளத்துக்கு மருந்து, கல். காலுக்கு அருகிலேயே மூன்றடிக் குழி. இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற அளவில் ஒரு கருங்கல்லை எடுத்து, தடித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே இறக்கி மூடிக் கெட்டிக்க வேண்டும். மேலே நீட்டியிருக்கும் கம்பி முனையை எல்லா வரிசைக் கம்பியோடும் சேர்த்து, நடுவில் ஒரு இரும்புத் துண்டை விட்டு முறுக்குங்கள். கம்பி தானாகக் கீழே இறங்கும். இப்போது தூக்குகிற விசை கல்லுக்குப் போகிறது, காலுக்கு வேலை இல்லை. என் ஐந்து கால்களும் அதற்குப் பிறகு அசையவில்லை. ஃபெஞ்சலிலும் அசையவில்லை.


முந்திரிமேடு:

மேஸ்திரி தம்பி, கேப்பர்மலை அண்ணன், இரண்டு பேருக்கும் நன்றி. உச்சியில் இருக்கும் கால்கள் எதுவும் கிளம்பவில்லைதான். இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். பள்ளத்துக் கால் மூன்றும் கம்பியில் தொங்குகின்றன. தரையை அவை தொடவே இல்லை.

கால் சாய்ந்ததற்கு என்ன காரணம்?


வில்லியனூர் மேஸ்திரி:

அது கண் செய்யும் வேலை. சரிவில் நிற்கும்போது நம் கண் தரையைத்தான் மட்டமாக எடுத்துக்கொள்ளும். தரைக்கு நேர்க்குத்தாக நட்டால் நேராக நட்டதுபோலத் தோன்றும். உண்மையில் அந்தக் கால் இறக்கத்தின் பக்கம் சாய்ந்திருக்கும்.

தூக்குக்குண்டு ஒன்று வாங்குங்கள். இல்லாவிட்டால் நூலில் ஒரு பெரிய நட்டைக் கட்டிக்கொண்டாலும் போதும். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு பக்கம் பார்க்க வேண்டும்: வேலிக்கு நேராக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை. சின்ன ரசமட்டத்தை (குமிழி மட்டம்) காலில் ஒட்டிவைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் அச்சில் வார்த்த சிமென்ட் கால் மேலே சிறுத்து அடியில் பெருத்து இருக்கும். அதன் முகத்தில் ரசமட்டம் வைத்தால் அந்தச் சரிவையும் சேர்த்துக் காட்டும். குண்டு அப்படி ஏமாற்றாது. தலையின் நடுவிலிருந்து தொங்கவிட்டு, அடியின் நடுவோடு சேர்கிறதா என்று பார்த்துவிடலாம்.


நெல்லிக்குப்பம் மிஷின்:

நான் குழி போடும் பெட்ரோல் மிஷின் வாடகைக்கு விடுகிறேன், அதனால் என் பக்கத்தையும் சொல்கிறேன். ஒரு ஏக்கர் முப்பது சென்ட் என்றால் மூன்று பக்கத்துக்கு ஏறக்குறைய எண்ணூறு அடி வரலாம். எட்டடிக்கு ஒரு கால் வைத்தால் நூறு குழி. கடப்பாரையால் நூறு குழி போட இரண்டு ஆளுக்கு ஒரு வாரம் ஆகலாம். மிஷினில் இளகிய செம்மண்ணில் ஒன்றரை நாள். கூலிக் கணக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். குழியும் ஒரே அகலமாக விழும். சுற்றி இருக்கும் மண் கலையாது. நிரப்பிக் கெட்டிக்கிற வேலையும் குறையும்.


கேப்பர்மலைக்காரன்:

மிஷினைக் குறை சொல்ல வரவில்லை தம்பி, ஆனால் சரிவில் அது எப்படி இருக்கும் என்பதைச் சகோதரி தெரிந்துகொள்ள வேண்டும். சரளை அடுக்கில் பல் பட்டதும் கைப்பிடி சுழற்றி அடிக்கும். மட்ட நிலத்தில் இரண்டு பேரும் காலை ஊன்றிக்கொண்டு தாங்கலாம். சரிவில் கீழ்ப்பக்கம் நிற்பவர் கதி? என் மைத்துனருக்கு மணிக்கட்டு பிசகி இரண்டு மாதம் வேலை இல்லை. அப்புறம் முந்திரி வேர். அது திருகுப் பல்லில் சுற்றிக்கொண்டால் மிஷின் பின்பக்கம் சுற்றாது. பைப் ரிஞ்சு போட்டுத்தான் திருகி எடுக்க வேண்டும்.


நெல்லிக்குப்பம் மிஷின்:

அண்ணன் சொல்வது உண்மைதான், மறுக்க மாட்டேன். சரளை, வேர், செங்குத்துச் சரிவு இந்த மூன்று இடத்துக்கும் நானே மிஷின் கொடுப்பதில்லை. மேற்கே அந்த அக்காவின் மேட்டு மண் இளகியதாக இருந்தால் அங்கே மட்டும் அரை நாள் வாடகைக்கு எடுக்கட்டும். மிச்சத்தைக் கையால் போடட்டும். ஒன்று மட்டும் கவனம்: சரிவில் மிஷின் தானாகவே தரைக்கு நேர்க்குத்தாகத்தான் இறங்கப் பார்க்கும், குழியே சாய்வாகப் போகும். முதலில் மண்வெட்டியால் குழி போடும் இடத்தை ஒரு அடிக்கு ஒரு அடி சின்னத் திண்ணை போல மட்டமாகச் செதுக்கிவிட்டுப் பிறகு மிஷினை வையுங்கள்.


முந்திரிமேடு:

மேற்குப் பக்கம் மண் இளக்கம்தான். வடக்கே பாதி வரைக்கும் சரளை. அப்படியென்றால் கைக்கு என்ன கருவி? தம்பி ஆன்லைனில் இரண்டு கைப்பிடி உள்ள குழி தோண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறான்.


குறிஞ்சிப்பாடி மணல்:

அந்த இரட்டைக் கைப்பிடி எங்கள் பக்கத்து மணலுக்கு நல்லது அக்கா, அதுவும் மணல் ஈரமாக இருந்தால். காய்ந்த மணலை அது கவ்வாது, நழுவிவிடும். சரளையில் வாய் மடங்கிப்போகும். உங்களுக்கு வேண்டியது கனமான கடப்பாரை. ஐந்தடி நீளம், ஒரு முனை பட்டை, ஒரு முனை கூர். சரளையைக் கூரால் உடைத்து, குழி ஓரத்தைப் பட்டையால் செதுக்க வேண்டும். கடையிலிருந்து வாங்கியதும் நேரே வேலைக்குப் போகாதீர்கள். கொல்லுப் பட்டறையில் காய்ச்சி அடித்து முனையைக் கூராக்கி வாங்குங்கள். மழுங்கின கடப்பாரைதான் ஆளைக் கொல்லும்.

குழிக்குள்ளே இருந்து மண்ணை எடுக்கக் கொட்டாங்கச்சி இருக்கிறது, பழைய பெயின்ட் டப்பாவும் இருக்கிறது. மண்வெட்டியால் எடுக்கப் போனால் குழி அகலமாகிவிடும். அகலமான குழியில் கால் நிற்காது.

எங்கள் ஊரில் வேறு தொல்லை. தோண்டத் தோண்ட மணல் சரியும். அடி வெட்டிய பிளாஸ்டிக் டிரம்மைக் குழிக்குள் இறக்கிக்கொண்டே தோண்டுவோம். காலை நிறுத்தி ஜல்லியும் சிமென்டும் போடும்போது டிரம்மை மெதுவாக உருவிவிடுவோம். கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் பயன்படும் என்று எழுதுகிறேன்.


கேப்பர்மலைக்காரன்:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த செம்மண் கல் மாதிரி இருக்கும். முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாண் பள்ளம் பறித்துக் குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மறுநாள் காலையில் கடப்பாரை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். இரண்டடி ஆழம் என்றால் சரிவில் அதை எங்கிருந்து அளப்பது? குழியின் தாழ்ந்த ஓரத்திலிருந்து அளக்க வேண்டும். மேட்டு ஓரத்திலிருந்து அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள், கீழ்ப்பக்கம் இரண்டடி இருக்காது.

நிரப்பும்போது மொத்த மண்ணையும் தள்ளி மேலே மிதிப்பதில் பயன் இல்லை. அரை அடி மண், கொஞ்சம் சரளை, திமிசுக் கட்டையால் இடி. மறுபடி அரை அடி. நாலு தடவை. திமிசு இல்லாவிட்டால் ஒரு சவுக்கு அடிக்கட்டை போதும். மூலைக்கும் உச்சிக்கும் பள்ளத்துக்கும் மட்டும் கான்கிரீட் போடுங்கள். மற்றக் கால்களுக்குச் செம்மண்ணே சிமென்ட் மாதிரி இறுகும்.


பழைய சங்கிலி:

நான் நிலஅளவைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மா, ஒரு சந்தேகம். எல்லைக் கல்லிலிருந்து முளை அடிக்கும்போது நாடாவை எப்படிப் பிடித்தீர்கள்?


முந்திரிமேடு:

தரையோடு தரையாகப் போட்டுத்தான் ஐயா அளந்தோம். தெற்குப் பக்கமும் அந்தக் குழு அப்படித்தான் அளந்தது.


பழைய சங்கிலி:

அதைக் கேட்கத்தான் வந்தேன். புலப்படத்தில், அதாவது உங்கள் நிலத்தின் சர்வே வரைபடத்தில், எழுதியிருக்கும் நீளம் எல்லாம் மட்ட நீளம். சரிவு நீளம் இல்லை. ஐந்தடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில் நாடாவைத் தரையில் போட்டு 200 அடி அளந்தால், படத்தின் கணக்கில் நீங்கள் போனது 196 அடிதான். ஏறக்குறைய நாலு அடி நிலத்தை நீங்களே வெளியே விட்டு வேலி போடுவீர்கள். பக்கத்து நிலத்துக்காரர் அதே மாதிரி எதிர்ப் பக்கத்திலிருந்து அளந்து வந்தால் நடுவில் யாருக்கும் இல்லாத துண்டு ஒன்று கிடக்கும். அதற்குப் பிறகு பேரன் காலத்தில் வழக்கு. இப்படி எத்தனையோ பார்த்துவிட்டேன்.

செய்ய வேண்டியது சுலபம். நாடாவை மேட்டில் தரையோடு பிடித்து, பள்ளத்துப் பக்கம் உயர்த்தி மட்டமாக இழுங்கள். உயர்த்திய முனையிலிருந்து தூக்குக்குண்டை விடுங்கள். குண்டு தரையைத் தொடும் இடத்தில் முளை. பத்து பத்தடியாகப் படி இறங்குவதுபோலப் போனால் போதும். நீளமாக இழுத்தால் நாடா தொய்யும். அந்த மேஸ்திரி சொன்ன அதே குண்டுதான் இதற்கும்.

கம்பி வாங்கும்போது மட்டும் சரிவு நீளத்தைக் கணக்கில் எடுங்கள். மட்டத்தில் 200 அடி என்றால் அந்தச் சரிவில் கம்பி ஒரு வரிசைக்கு 204 அடி வேண்டும். ஐந்து வரிசைக்கு இருபது அடி கூடுதல்.

கல் தெரியாத மூலை இருந்தால் தாலுகா அலுவலகத்தில் அளவைக்கு மனுக் கொடுத்து, கல்லைக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு குழி போடுங்கள். இது கருவி இல்லைதான், ஆனால் எல்லாக் கருவிக்கும் முன்னால் வர வேண்டியது.


முந்திரிமேடு:

ஐயா, இதை யாருமே சொன்னதில்லை. வடகிழக்கு மூலையில் கல் புதைந்திருக்கிறது, தெரியவில்லை. மனு எழுதிக் கொடுக்கிறேன். தெற்குப் பக்கத்தையும் திரும்ப அளக்கிறேன்.


பாகூர் கோழிப்பண்ணை:

நான் முள்கம்பி போடவில்லை, சங்கிலி வலை போட்டேன். பாகூர் என்றால் எல்லோரும் வயல் மட்டம் என்று நினைப்பார்கள். எங்கள் கொல்லை ஏரிக்கரைச் சரிவில் இருக்கிறது. தங்கச்சி, வலை பற்றி யாராவது யோசனை சொன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். முள்கம்பி சரிவோடு சேர்ந்து இறங்கும். சங்கிலி வலை அவ்வளவு சுலபமாக வளையாது. இழுத்தால் மேல்பக்கம் இறுகி அடிப்பக்கம் வயிறு தள்ளும். அதனால் நாங்கள் படிப்படியாக இறக்கினோம். ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு கால், அங்கே வலையை அவிழ்த்து ஒரு அடி கீழே இறக்கி மறுபடி ஆரம்பம். சங்கிலி வலையில் ஒரு கம்பியைத் திருகி உருவினால் வலை இரண்டாகப் பிரியும், அதையே திருகி ஏற்றினால் சேரும். வெட்ட வேண்டியதே இல்லை. ஒரு கொறடு போதும்.

படி முறையில் ஒவ்வொரு படியின் தாழ்ந்த பக்கத்திலும் முக்கோணச் சந்து விழும். கீரி அதில்தான் வந்தது. நாங்கள் கல் அடுக்கி மண் அணைத்தோம். உங்களுக்கு ஆடு மாடுதான் பிரச்சினை என்றால் முள்கம்பியே போதும், வலைச் செலவு வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஒரு கருவி சொல்கிறேன். அளவுக் குச்சி. ஐந்தடிச் சட்டத்தில் கம்பி வரவேண்டிய உயரத்தில் எல்லாம் ஆணி அடித்துவிடுங்கள். ஆட்டுக்கு அடியில் நெருக்கமாக இருக்க வேண்டும்: தரையிலிருந்து அரை அடி, அப்புறம் முக்கால் முக்கால் அடி, மேலே போகப் போக ஒரு அடிக்கு மேல் விட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு காலிலும் குச்சியைத் தரையில் ஊன்றிக் கம்பியை ஆணிக்கு நேராகக் கட்டிக்கொண்டே போனால், தரை எப்படி ஏறி இறங்கினாலும் அடிச்சந்து ஒரே அளவாக இருக்கும். வேலைக்கு வந்த பெண்கள் இரண்டு பேர் நாடாவே இல்லாமல் ஒரே நாளில் கட்டி முடித்தார்கள்.


குறிஞ்சிப்பாடி மணல்:

அளவுக் குச்சி நல்ல யோசனை. ஆனால் ஒவ்வொரு சின்னக் குண்டு குழிக்கும் கம்பியை ஏற்றி இறக்கினால் கம்பி எங்கேயும் விறைப்பாக நிற்காதே?


வில்லியனூர் மேஸ்திரி:

அதனால்தான் நூல். முதலில் நிலம் எங்கே சரிவு மாறுகிறதோ அந்த இடங்களில் மட்டும் காலை நடுங்கள். மூலை, உச்சி, பள்ளத்தின் அடி. இவைதான் கம்பியை இழுத்துக் கட்டும் இழுப்புக் கால்கள், இவற்றுக்குச் சாய்வாகத் தாங்கும் முட்டுக்கால் உண்டு. இரண்டு இழுப்புக் கால்களின் தலைக்கு நடுவே நூலை விறைப்பாகக் கட்டுங்கள். இடையில் வரும் கால்களின் தலை எல்லாம் அந்த நூலைத் தொட்டால் போதும். அரை அடிக்குள் இருக்கும் குண்டு குழியைக் கவனிக்காதீர்கள், மண் செதுக்கியோ அணைத்தோ சரிசெய்துவிடலாம். அதற்கு மேல் இருந்தால் அங்கே இன்னொரு இழுப்புக் கால். பாகூர் அக்காவின் குச்சியை இழுப்புக் கால்களில் மட்டும் ஊன்றி அளந்துகொண்டு, இடையில் இருக்கும் கால்களில் நூலிலிருந்து கீழ்நோக்கி அளந்தால் கம்பியும் நேராக வரும், அடிச்சந்தும் ஓரளவு சமமாக இருக்கும்.


முந்திரிமேடு:

கம்பி இழுப்பதற்கு? போன தடவை டிராக்டரில் கட்டி இழுத்தார்கள்.


கேப்பர்மலைக்காரன்:

டிராக்டர் வேண்டவே வேண்டாம். அதில் எவ்வளவு விசை போகிறது என்று யாருக்கும் தெரியாது. முள்கம்பி அறுந்து திரும்பி அடித்தால் கண் போய்விடும். கையால் நெம்பும் ராட்செட் இழுப்பான் ஒன்று வாங்குங்கள். நான் வாங்கியதிலேயே காசுக்கு அதிகம் உழைத்தது அதுதான். ஒவ்வொரு பல்லாக ஏறும், விட்டால் நழுவாது, விறைப்பு கைக்குத் தெரியும். ஒரு பெண் தனியாக நெம்பலாம். எண்ணூறு அடியையும் ஒரே இழுப்பில் இழுக்காதீர்கள். ஒரு இழுப்புக் காலிலிருந்து அடுத்ததற்கு மட்டும். இழுக்கும்போது இடைக் கால்களில் கட்டுக்கம்பியைத் தளர்வாக மாட்டி வையுங்கள், கம்பி ஓட வேண்டும். விறைத்த பிறகு முறுக்கலாம். பள்ளத்தில் நான் சொன்ன கல்லை இழுப்பு முடிந்த பிறகுதான் கட்ட வேண்டும்.

தோல் கையுறை எல்லோருக்கும் வாங்கிக் கொடுங்கள், வேலைக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்து. கம்பிச் சுருளைத் தரையில் போட்டு உருட்டாமல், நடுவில் கடப்பாரையை விட்டு இரண்டு பேர் பிடித்து மேட்டிலிருந்து கீழே நடந்து வாருங்கள்.


முந்திரிமேடு:

கடைசியாக ஓடை. அங்கே என்ன செய்வது? கம்பியை அப்படியே கடத்திவிடலாமா?


கேப்பர்மலைக்காரன்:

கடத்தாதீர்கள். வெள்ளத்தில் வரும் கிளையும் குப்பையும் கம்பியில் சேர்ந்து அணை மாதிரி நிற்கும். ஓடையில் இருப்பதோடு இரண்டு கரையிலும் ஐம்பதடி வேலியையும் பிடுங்கிக்கொண்டு போகும். இரு கரையிலும் இழுப்புக் கால் போட்டு வேலியை அங்கேயே முடித்துவிடுங்கள். நடுவில் தடித்த கம்பி ஒன்றை மேலே குறுக்கே கட்டி, அதிலிருந்து சவுக்குக் கழிகளை அடுத்தடுத்துத் தொங்கவிடுங்கள். அடி தளர்வாக இருக்கட்டும். தண்ணீர் வந்தால் கழிகள் மேலே எழும்பி வழிவிடும், வடிந்தால் திரும்பத் தொங்கும். பெரிய வெள்ளத்தில் அதுவே அறுந்தாலும் போவது அந்தத் துண்டு மட்டும்தான். கால்களைக் கரை விளிம்பில் வைக்காமல் ஆறடி உள்ளே தள்ளி வையுங்கள், கரை இன்னும் அறுக்கும். விளிம்பில் வெட்டிவேரும் நொச்சியும் நடுங்கள்.


முந்திரிமேடு:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

சர்வேயர் வந்து வடகிழக்குக் கல்லைத் தோண்டிக் காட்டினார். நாங்கள் முளை அடித்திருந்த இடத்திலிருந்து மூன்றடி வெளியே இருந்தது. பழைய சங்கிலி ஐயா சொன்னபடியே நாடாவைப் படியாகப் பிடித்து அளந்தால் முளை கல்லுக்கு ஒரு சாணுக்குள் வந்து விழுகிறது. பக்கத்துத் தோப்புக்காரரும் கூடவே நின்று பார்த்தார். அவரும் இனி அப்படியே அளக்கப் போவதாகச் சொல்கிறார்.

வாங்கியவை: டியூப், தூக்குக்குண்டு, நூல் ஒரு கட்டு, ராட்செட், கையுறை ஆறு ஜோடி. கடப்பாரை வீட்டில் இருந்தது, பட்டறையில் கூராக்கினோம். மேற்குப் பக்கம் அரை நாள் மிஷின் எடுத்தோம், இருபத்தெட்டுக் குழி. மிச்சமெல்லாம் கையால்தான். முதல் நாள் தண்ணீர் ஊற்றி வைத்ததில் சரளைகூட இளகியது.

டியூபில் அளந்து எழுதிய நோட்டில் வடக்குப் பள்ளத்தில் இரண்டு இடம் மட்டும் மேட்டிலிருந்து ஐந்தடி இறக்கம் காட்டியது. கண்ணால் பார்த்தால் மூன்றடிதான் சொல்லியிருப்பேன். அந்த இரண்டு இடத்துக்கும் எட்டடிக் கால் சொல்லி வாங்கினோம். இரண்டுக்கும் கல் கட்டியாகிவிட்டது. முறுக்க முறுக்கக் கம்பி இறங்கியதைப் பார்த்தபோது அம்மா கை தட்டினார்.

தெற்குப் பக்கத்தில் கிளம்பி நின்ற மூன்று கால்களையும் எடுத்து மறுபடி நட்டோம். சாய்ந்த கால்களைக் குண்டு பிடித்து நிமிர்த்த இரண்டு நாள் ஆனது.

ஓடைப் பக்கம் மட்டும் பாக்கி. கரை இரண்டிலும் கால் நட்டாகிவிட்டது. கழி எந்தப் பருமனில் வேண்டும், எவ்வளவு இடைவெளி?


கேப்பர்மலைக்காரன்:

மிகவும் சந்தோஷம் சகோதரி. கழி மணிக்கட்டுப் பருமன் போதும், அதற்கு மேல் கனமாக இருந்தால் தண்ணீரில் எழும்பாது. இடைவெளி, குட்டி ஆடு தலையை விட முடியாத அளவுக்கு நெருக்கமாக இருக்கட்டும். கழியின் மேல்முனையில் ஓட்டை போட்டுக் கம்பி வளையத்தில் மாட்டுங்கள். கயிறு வேண்டாம், கறையான் தின்றுவிடும். அடிமுனை ஓடைத் தரைக்கு நாலு விரற்கடை மேலே நிற்கட்டும்.


வில்லியனூர் மேஸ்திரி:

அக்கா, வேலை முடிந்ததும் டியூபில் இருக்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுச் சுருட்டி நிழலில் மாட்டுங்கள். நீலத் தண்ணீர் உள்ளேயே நின்றால் டியூப் கறுத்து மட்டம் தெரியாமல் போகும். வெயிலில் கிடந்தால் ஒரே வருடத்தில் மஞ்சளாகி வெடித்துவிடும். பக்கத்துத் தோப்புக்காரர் அளக்க வரும்போது தேவைப்படும்.